தோன்றா எழுவாய்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி.
எதிர் பிஸ்கட் கம்பெனியின் இரண்டாம் ஷிஃப்ட் வாசனை
ஏசி இடுக்கு வழியே வந்துவிடும்.
என் வேலையில் பாதி ஒரே கோப்பில்:
எட்ஸி அடைவுக்குள் ப்ரொஃபைல்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
காலையில் கடவுச்சொல் தட்டி உள்ளே வரும்போது
அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் துடிக்கும் முன்பே
அது ஒருமுறை வாசிக்கப்படும்.

வாசிக்கப்படும் என்றேன்.
யாரால் என்று கேட்கவில்லை நீங்கள்.
யாரும் கேட்பதில்லை.

எந்தப் பாதைகளில் கட்டளையைத் தேடுவது,
எத்தனை வரி வரலாற்றை நினைவில் வைப்பது,
எந்த மொழியில் பிழை சொல்வது,
பத்து நிமிடம் விசை தட்டாதவரை
வெளியே தள்ளுவதா விடுவதா.
பத்தை நாற்பது ஆக்கினேன்.
முனை டீக்கடைக் கூட்டம் எனக்குத் தெரியும்.

போன வியாழன்
ஆடிட்டர்கள் சொன்னார்கள் என்று
உமாஸ்க் வரியில் இரண்டு இலக்கம் மாற்றினேன்.
சுழியம் இரண்டு இரண்டு இருந்த இடத்தில்
சுழியம் ஏழு ஏழு.
அது கொடுக்கிற கணக்கு அல்ல, கழிக்கிற கணக்கு.
புதிதாய்ப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பிலிருந்தும்
அடுத்தவர் கண்ணைக் கழித்துவிடும்.

பதினொரு மணிக்கு
நிலோஃபர் எழுதியதை மதிவதனனால் திறக்க முடியவில்லை.
மதிவதனன் எழுதியதை எவராலும்.
லிஃப்டில் பேசிக்கொண்டார்கள்.
‘சிஸ்டம் இன்னிக்கு சரியில்ல.’
‘சிஸ்டம்னா அப்படித்தான்.’
அதே லிஃப்டில்தான் நின்றிருந்தேன்
கையில் எலுமிச்சைச் சாதம்,
கழுத்தில் என் பெயர் அச்சிட்ட அட்டை.

‘வந்தாயா?’ என்ற கேள்வியில்
‘நீ’ எங்கே என்று தேடச் சொல்லும் பாடநூல்.
தோன்றா எழுவாய்.
அன்றைக்கு இரண்டு மதிப்பெண்,
இன்றைக்கு மாதச் சம்பளம்.

மூன்று மணிக்குப் பழைய எண்ணைத் திரும்ப வைத்தேன்.
எல்லோரும் ஒருமுறை வெளியே போய் வாருங்கள் என்று மெயில்.
அதற்குள் பிறந்தவை பூட்டோடு பிறந்தவை.
ஏழு மணிவரை ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.

ராத்திரி இரண்டுக்கு வேறொன்று விழுந்தது.
சம்பளப் பட்டியல் போடும் நிரலை
அன்றே ஆப்ட் அடைவுக்கு நகர்த்தி
பாதையை ப்ரொஃபைலில் சேர்த்திருந்தேன்,
எல்லோருக்கும் என்று நினைத்து.
க்ரான் கடவுச்சொல் தட்டி வருவதில்லை.
தட்டாதவருக்கு ப்ரொஃபைல் இல்லை.
தனக்குத் தெரிந்த இரண்டே தெருவில் தேடிவிட்டு
‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டுப்
போய்விட்டது.

விடிந்தபோது பின் கேட்டில் தண்ணி லாரி.
ஒன்றரை மணி நேரமாய் ஹாரன்.
நேர மாற்றத்தை முன் கேட் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.
முனிரத்தினம் இறங்கி வந்து கேட்டார்:
‘போர்டுல போட்டீங்க சரி மேடம்.
நாங்க எந்தக் காலத்துல அந்தப் பக்கமா வந்தோம்?’

மேலே போய்
க்ரான் அட்டவணையின் தலையில்
பாதையைத் தனியாக எழுதினேன்.

ப்ரொஃபைலின் நாற்பத்தோராவது வரியில்
எனக்கு முன் இருந்தவர் வைத்த ஒரு மாறி.
என்னவென்று எவருக்கும் தெரியாது.
எந்த நிரலும் அதைக் கேட்டதில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.
மேலே ஒரு குறிப்பு: ‘தொடாதே. சா.வி.’
தொடவில்லை.

வேலிக்குறியில் தொடங்கும் வரியை
எந்திரம் தாண்டிப் போய்விடும்.
படித்தால் மனிதர்தான் படிக்க வேண்டும்,
இன்னொரு ராத்திரியில், எரிச்சலோடு.
அவருக்காகக் கீழே சேர்த்தேன்:

# உமாஸ்க் பழையபடி. வியாழன் மாற்றியவள் நான்.
# ஆடிட்டர் கேட்டால் என்னிடம் அனுப்பவும்.
# பொற்கலை, மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம்.